பழைய காருக்கு மலிவு இன்ஜின் ஆயில் போதுமா?

சூப்பர் மார்க்கெட்டுகள் தம் சொந்தப் பெயரில் விற்கும் மலிவு இன்ஜின் ஆயில் பழைய கார்களைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. விளம்பரத்தில் பார்த்த பெயர் என்றால் நல்லது, பார்க்காத பெயர் என்றால் ஆபத்து என்றுதான் பலர் முடிவு செய்கிறார்கள். ஒரு ஆயில் ஒரு இன்ஜினுக்குப் பொருந்துமா என்பதை அதன் விலையோ பெயரோ சொல்லாது. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் இரண்டு குறியீடுகள் சொல்லும். ஒன்று ஆயிலின் கட்டித்தன்மையைக் குறிப்பது. மற்றொன்று தரத்தைக் குறிப்பது.

காவிரி டெல்டாவின் முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை வட்டாரங்களில் பழைய கார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மாருதி 800. 1983 டிசம்பரில் வெளிவரத் தொடங்கிய இந்தக் கார் 2014 ஜனவரி வரை தயாரானது. அதன் இன்ஜின் மூன்று சிலிண்டர், 796 சி.சி. கொண்டது. அடுத்தது, 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர். அதன் பழைய 1489 சி.சி. இன்ஜின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் 1950களில் உருவாக்கிய வடிவம். பிரீமியர் பத்மினியும் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இன்று ஆசைக்காகக் காப்பாற்றுவோர் வீடுகளில் மட்டுமே இருக்கின்றன. மகிந்திரா டீசல் ஜீப்புகளை இன்னும் வேலைக்கே ஓட்டுகிறார்கள்.

இந்த இன்ஜின்களை வடிவமைத்தவர்கள் தங்கள் காலத்தில் கிடைத்த ஆயிலை மனதில் வைத்தே வடிவமைத்தார்கள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ. பெட்ரோல் இன்ஜின் ஆயிலை ‘எஸ்’ என்ற எழுத்தில் தொடங்கித் தரம் பிரிக்கிறது. 1972இல் எஸ்.இ., 1980இல் எஸ்.எஃப்., 2001இல் எஸ்.எல்., 2010இல் எஸ்.என்., 2020இல் எஸ்.பி. என்று இரண்டாம் எழுத்து ஏற ஏறத் தரம் உயர்கிறது. பின்னால் வந்த தரம் முன்னால் வந்ததன் இடத்தைப் பொதுவாக நிரப்பும். எண்பதுகளில் பிறந்த மாருதிக்கு எஸ்.எஃப். அளவிலான ஆயிலே அந்நாளில் நல்ல ஆயில். இன்று எஸ்.எல். அல்லது எஸ்.என். முத்திரையோடு வரும் மலிவான ஆயிலும், அந்தக் கார் புதிதாக இருந்தபோது கிடைத்த விலையுயர்ந்த ஆயிலைவிட மேலானது. துருவைத் தடுப்பதிலும், கசடு சேராமல் கழுவுவதிலும், சூட்டில் கெடாமல் நிற்பதிலும் அது முந்திக்கொள்ளும். ஆகவே முத்திரை உண்மையாக இருந்தால், பழைய காருக்கு மலிவு ஆயிலால் பயமில்லை.

மலிவாகவும் தரமாகவும் ஒரு ஆயில் எப்படி இருக்க முடியும் என்பது நியாயமான சந்தேகம். இன்ஜின் ஆயிலில் முக்கால் பங்குக்கு மேல் இருப்பது கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த அடிப்படை எண்ணெய். மீதி, கழுவும் பொருள், தேய்மானத் தடுப்பான், நுரை அடக்கி போன்ற சேர்மானங்கள். அடிப்படை எண்ணெய் தயாரிக்கும் ஆலைகள் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று, மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கிய மணலி சி.பி.சி.எல். ஆலை. இதே நிறுவனம் 1993இல் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் பனங்குடியிலும் ஒரு சுத்திகரிப்பு ஆலையை நிறுவியது. சேர்மானம் தயாரிக்கும் நிறுவனங்களும் உலகளவிலேயே சிலதான். அவற்றில் ஒன்றான செவ்ரான் ஒரோனைட்டும் சி.பி.சி.எல்.லும் சேர்ந்து நடத்தும் இந்தியன் அடிட்டிவ்ஸ் ஆலையும் மணலியில்தான் இருக்கிறது. பெரிய பெயர்காரர்களானாலும் சிறிய பெயர்காரர்களானாலும் இத்தகைய சில இடங்களிலிருந்தே சரக்கு எடுத்துக் கலக்கிறார்கள். விளம்பரம், கிரிக்கெட் ஒப்பந்தம், விநியோகஸ்தர் கமிஷன் ஆகியவையும் டப்பா விலையில் கலந்திருக்கின்றன. அமெரிக்காவில் வால்மார்ட்டின் சூப்பர் டெக், காஸ்ட்கோவின் கிர்க்லேண்ட் போன்ற கடைப்பெயர் ஆயில்கள் ஏ.பி.ஐ. முத்திரையோடு விற்பது இப்படித்தான் சாத்தியமாகிறது. இந்தியாவில் கார் கம்பெனிகள் தம் பெயரில் விற்கும் ஆயிலையும் எண்ணெய் நிறுவனங்களே கலந்து கொடுக்கின்றன.

முத்திரையைப் படிக்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவே சாட்சி. அங்கே டாலர் ஜெனரல் என்ற மலிவு விலைக் கடைத்தொடர், வழக்கொழிந்த எஸ்.ஏ., எஸ்.எஃப். தர ஆயில்களைத் தன் பெயரில் விற்றது. எஸ்.ஏ. ஆயில் 1930க்குப் பின் வந்த பெரும்பாலான இன்ஜின்களுக்கு ஆகாது. அதில் சேர்மானமே கிடையாது. எஸ்.எஃப். ஆயில் 1988க்குப் பின் வந்தவற்றுக்கு ஏற்றதல்ல. இந்த எச்சரிக்கைகள் டப்பாவின் பின்பக்கம் அச்சாகியிருந்தும், முன்பக்கத்தைப் பார்த்து வாங்கிய மக்கள் ஏமாந்தார்கள் என்று பல மாநிலங்களில் வழக்குகள் எழுந்தன. 2016இல் அவை மிசௌரி மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டன. அந்த வழக்குகளின் அடிப்படை, பழைய தர ஆயிலைப் புதிய ஆயில்களின் வரிசையில் வைத்து விற்றது.

தரத்துக்கு அடுத்தது கட்டித்தன்மை. 20டபிள்யூ-50, 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்று எழுதப்படும் எண்களில் ‘டபிள்யூ’வுக்கு முன்னால் இருப்பது குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. 20டபிள்யூ ஆயிலைச் சோதிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில். மார்கழிப் பனியிலும் அந்தக் குளிரைக் காணாத முத்துப்பேட்டையில் இந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. பின்னால் இருக்கும் எண்தான் இங்கே முக்கியம். 100 டிகிரிச் சூட்டில் ஆயில் எவ்வளவு கட்டியாக நிற்கிறது என்பதை அது காட்டும். புதிய கார்கள் கேட்கும் 0டபிள்யூ-20 போன்ற தண்ணீரான ஆயில், பாகங்களுக்கு இடையே மயிரிழை இடைவெளி கொண்ட இன்றைய இன்ஜின்களுக்கு உரியது. பல லட்சம் கிலோமீட்டர் ஓடி பேரிங் தேய்ந்த அம்பாசடரில் அதை ஊற்றினால் ஆயில் அழுத்தம் இறங்கும், சத்தம் கூடும். அதற்கு 20டபிள்யூ-50 அல்லது 20டபிள்யூ-40 பொருந்தும். டெல்டாக் கடைகளில் மலிவாகக் கிடைப்பவையும் இவையே என்பது பழைய கார்க்காரர்களுக்கு நல்ல செய்தி.

அம்பாசடர் போன்ற இன்ஜின்களில் தனிக் கவனம் தேவைப்படும் ஒரு விஷயம் துத்தநாகம். அவற்றில் கேம்ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் உருளாமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உரசுகின்றன. அந்த உரசலைத் தாங்க, துத்தநாகமும் பாஸ்பரஸும் கொண்ட ஒரு சேர்மானம் ஆயிலில் சேர்க்கப்படுகிறது. புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டரை பாஸ்பரஸ் கெடுப்பதால், 2004இல் வந்த எஸ்.எம். தரத்திலிருந்து அதன் அளவு 0.08 சதவீதத்துக்குள் அடக்கப்பட்டது. பழைய கார் ஆர்வலர்கள் இதைச் சொல்லிப் புதிய ஆயிலையே ஒதுக்குவதுண்டு. அந்தக் கட்டுப்பாடு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற தண்ணீரான ஆயில்களுக்கு உரியது. 20டபிள்யூ-50 போன்ற கட்டி ஆயில்களுக்கு அது இல்லை. கட்டித்தன்மையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலே இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

டீசல் வண்டிக்குத் தர எழுத்து ‘சி’யில் தொடங்கும். பழைய ஜீப்புக்கும் டீசல் அம்பாசடருக்கும் சி.எஃப்.-4 அல்லது அதற்கு மேற்பட்ட 15டபிள்யூ-40 ஆயில் போதும். இரண்டு தரமும் சேர்த்து அச்சிட்ட ஆயிலைப் பழைய பெட்ரோல் காருக்கும் ஊற்றலாம். டூ-வீலருக்கான 2டி ஆயிலும், டிராக்டரின் கியர், பிரேக் ஆகியவற்றுக்கான ஆயிலும் காருக்கு ஆகாது. ஒரே கடையில் ஒரே அலமாரியில் இவை இருப்பதால் கைமாறிப் போவதுண்டு. இதே மலிவு டீசல் ஆயிலை 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.-6 டீசல் காரில் ஊற்றுவது பெரும் தவறு. அதன் சாம்பல் புகை வடிகட்டியை அடைத்துவிடும். மலிவு ஆயிலால் நிஜமான ஆபத்து புதிய காருக்குத்தான், பழைய காருக்கு அல்ல.

பழைய காருக்கு டெல்டாவில் உண்மையான ஆபத்து வேறு இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. முதலாவது, பேரலிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயில். பேரலில் ஒட்டிய பெயருக்கும் உள்ளே இருப்பதற்கும் தொடர்பு உண்டா என்று வாங்குபவரால் அறியவே முடியாது. இரண்டாவது, காலி டப்பாவில் அடைத்து வரும் டூப்ளிகேட் ஆயில். ஒர்க்‌ஷாப்புகளில் வடித்த வேஸ்ட் ஆயிலை வடிகட்டி, நிறம் சேர்த்து, பெயர்பெற்ற கம்பெனியின் காலி டப்பாவில் நிரப்பி மூடி போடும் கும்பல்கள் நாட்டின் பல ஊர்களில் பிடிபட்டிருக்கின்றன. அந்த ஆயிலில் அமிலமும் உலோகத் துகளும் அப்படியே இருக்கும், சேர்மானமோ செத்திருக்கும். பெயர் தெரியாத கம்பெனியின் நேர்மையான ஆயிலைவிட, பெரிய கம்பெனியின் பெயரில் வரும் போலி ஆயில் பல மடங்கு கொடியது. பழைய ஆயிலை ஆலையில் முறையாகக் காய்ச்சி வடித்து மறுசுத்திகரிப்பு செய்வது முற்றிலும் வேறு விஷயம். அப்படி எடுத்த எண்ணெய் புதிய எண்ணெய்க்கு நிகராக இருக்க முடியும்.

ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்தோ முகர்ந்தோ தரம் கண்டுபிடிக்க முடியாது. பார்க்க வேண்டியவை சீல், எம்.ஆர்.பி., தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரிப்பாளரின் முழு முகவரி, ஏ.பி.ஐ. தரம் அல்லது ஐ.எஸ். 13656 என்ற இந்தியத் தர எண் ஆகியவை. பெட்ரோல் பங்கிலோ நம்பிக்கையான கடையிலோ ரசீதோடு வாங்குவது நல்லது. தெரிந்த கம்பெனியின் ஆயில் எம்.ஆர்.பி.யில் பாதிக்குக் கிடைக்கிறது என்றால் அதை வாங்கக்கூடாது.

நல்ல ஆயிலையும் கெடுக்கும் பழக்கம் ஒன்று இந்தப் பகுதியில் அதிகம். வீட்டுக்காரர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, கார் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கிறது. எப்போதாவது கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வருகிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் இன்ஜின் முழுச் சூடு ஏறாது. கடற்கரை ஈரக்காற்றிலிருந்தும் எரிபொருளிலிருந்தும் உள்ளே சேரும் நீர் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலோடு கலந்து அமிலமாகிறது. கிலோமீட்டர் ஓடவில்லையே என்று இரண்டு மூன்று வருடம் ஆயில் மாற்றாமல் விடுவது, மலிவு ஆயில் ஊற்றுவதைவிட அதிகக் கேடு. 5,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அப்போது ஃபில்டரோடு சேர்த்து மாற்றிவிட வேண்டும். மாருதி 800க்கு மூன்று லிட்டர் அளவே பிடிக்கும். விலையுயர்ந்த சிந்தெடிக் ஆயிலை வாங்கி நாட்களை நீட்டுவதைவிட, சாதாரண ஆயிலை உரிய நேரத்தில் மாற்றுவது பழைய இன்ஜினுக்கு நல்லது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தக் கரையைத் தாக்கியது போன்ற சமயங்களில் இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால், ஆயில் கேஜில் பால் ஊற்றிய காப்பி போன்ற நிறம் தெரியும். அப்போது ஸ்டார்ட் செய்யாமல் ஆயிலை முழுவதும் வடித்துவிடுவதே ஒரே வழி.

சில நம்பிக்கைகளும் பழைய கார்க்காரர்களின் காசைக் கரைக்கின்றன. ஆயில் சீக்கிரம் கறுத்தால் மட்டமான ஆயில் என்பது தவறு. அழுக்கைக் கழுவித் தன்னிடம் வைத்துக்கொள்வதால்தான் அது கறுக்கிறது. கம்பெனி மாற்றி ஊற்றினால் இன்ஜின் கெடும் என்பதும் உண்மையல்ல. ஏ.பி.ஐ. தர ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவையாக இருந்தாக வேண்டும் என்பது விதி. இன்ஜின் ஆயில் குடிக்கிறது, நீலப் புகை வருகிறது என்றால் பழுதுபார்ப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடக் கட்டி ஆயில் உதவும். ரிங் தேய்ந்ததை எந்த விலை ஆயிலும் சரிசெய்யாது.

வடித்த ஆயிலை என்ன செய்வது என்பதும் இதே கேள்வியின் பகுதி. சட்டப்படி அது அபாயகரமான கழிவு. 2024 ஏப்ரல் 1 முதல், அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு ஆயில் தயாரிப்பாளர்கள் மீதும் வைக்கப்பட்டிருக்கிறது. முத்துப்பேட்டையில் வாய்க்காலில் ஊற்றும் ஆயில் பாமணியாறு, கோரையாறு வழியாக அலையாத்திக் காட்டின் காயலுக்கே போய்ச் சேரும். அங்கே மூச்சு வேர்களும் இறால் குஞ்சுகளும் இருக்கின்றன. ஆகவே வடித்த ஆயிலை மூடிய கேனில் ஒர்க்‌ஷாப்பிலேயே ஒப்படையுங்கள். யாரென்று தெரியாதவருக்குக் காசுக்கு விற்காதீர்கள். காலி டப்பாவின் அடியில் ஓர் ஓட்டை போட்டு, லேபிளைக் கிழித்த பிறகே பழைய இரும்புக் கடைக்கு அனுப்புங்கள்.