கல்லில் எழுந்த அவைகள் – 14: ஆஸ்டினின் சிவந்த கல்

டெக்சஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் பழைய சட்டமன்றக் கட்டடம் 1881 நவம்பர் 9 அன்று தீக்கிரையானதும், கருவூலத்தில் பணமில்லாத அரசு 30 லட்சம் ஏக்கர் மேய்ச்சல் நிலத்தைக் கூலியாகக் கொடுத்துப் புதிய கட்டடத்தை எழுப்பியதும் சென்ற வாரம் பார்த்தவை. இவ்வாரம் அதைச் சூழ்ந்துள்ள நினைவுச்சின்னங்களின் முறை. எனினும் சின்னங்கள் நிற்கும் தெற்குப் புல்வெளிக்குப் போகும் முன், கட்டடத்தின் சுவரருகே சற்று நின்றாக வேண்டியிருக்கிறது.

அச்சுவரின் கல் இளஞ்சிவப்பு நிறமுடையது. தமிழகக் கல்தச்சர்கள் கருங்கல் என்று பொதுப்பெயரால் வழங்கும் கிரானைட் வகையைச் சேர்ந்த இக்கல்லை அருகில் சென்று பார்த்தால், அரிசிமணியை விடப் பெரிய சிவந்த படிகங்களும், அவற்றுக்கிடையே கண்ணாடித்துண்டு போன்ற குவார்ட்ஸ் மணிகளும், மக்கள் காக்காப்பொன் என்று சொல்லும் மைக்காவின் கரும்பொட்டுகளும் தனித்தனியே தெரியும். சிவப்பைத் தருவது பெல்ஸ்பார் என்னும் கனிமம். மாலை வெயில் சாயும்போது அந்நிறம் மேலும் அடர்ந்து தோன்றும்; வணிகர் இதற்கு 'அந்திச் சிவப்பு' என்று பொருள்படும் பெயரை வைத்துள்ளனர்.

ஆனால் இக்கட்டடம் சிவப்பாக இருக்க வேண்டும் என்று முதலில் எவரும் திட்டமிடவில்லை. கட்டடக் கலைஞர் எலைஜா மையர்ஸின் திட்டம் ஆஸ்டினுக்கு அருகிலுள்ள ஓட்மன்வில் சுரங்கத்தின் சுண்ணாம்புக்கல்லை நம்பியிருந்தது. அக்கல்லில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் கனிமம் கலந்திருந்தது. அது காற்றும் ஈரமும் பட்டதும் துருப்பிடித்து, வெட்டியெடுத்த கல்லின் முகத்தில் பழுப்புக் கோடுகளாக வழிந்தது. இந்தியானா மாநிலத்திலிருந்து வேறு சுண்ணாம்புக்கல் தருவிக்கலாம் என்று ஒப்பந்தக்காரர்கள் கூற, டெக்சஸின் அவை டெக்சஸின் கல்லால்தான் எழ வேண்டும் என்று ஆளுநர் ஜான் அயர்லாந்து உறுதியாக நின்றார். மார்பிள் ஃபால்ஸ் அருகே கிரானைட் மலையை உடைமையாகக் கொண்டிருந்தவர்கள் கல்லை விலையில்லாமல் தர முன்வந்தனர். துருவேறிய சுண்ணாம்புக்கல் கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்துக்கும் உட்சுவருக்கும் போயிற்று.

கல் இலவசமாகக் கிடைத்தாலும், சுண்ணாம்புக்கல்லை விடப் பன்மடங்கு கடினமான அதை உடைப்பதற்கும் பொளிவதற்கும் ஆகும் கூலி பெரிதாக இருந்ததால், அரசு சிறைக்கைதிகளைச் சுரங்கத்துக்கு அனுப்பியது. கைதிகளைக் கொண்டு தொழிலாளியின் கூலியைக் கீழே தள்ளுவதை எதிர்த்துக் கிரானைட் கல்தச்சர் சங்கம் இப்பணியைப் புறக்கணித்தது. துணை ஒப்பந்தக்காரரான கஸ் வில்க்கி தளரவில்லை. 1886இல் கிரானைட் தொழிலுக்குப் பேர்போன ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரிலிருந்து கல்தச்சர்களைக் கப்பலில் வரவழைத்தார். நியூயார்க்கில் இறங்கியதும் சங்கத்தார் அவர்களைச் சந்தித்து நிலைமையைச் சொல்ல, சிலர் அங்கேயே விலகினர்; 62 பேர் டெக்சஸ் வந்து சேர்ந்தனர்.

இங்குதான் இவ்வரலாற்றின் ஆகச் சிறந்த பக்கம் திறக்கிறது. வெளிநாட்டிலேயே ஒப்பந்தம் பேசித் தொழிலாளரை அமெரிக்காவுக்குக் கொண்டுவருவதைத் தடுக்கும் கூட்டரசுச் சட்டம் அதற்கு முந்தைய ஆண்டான 1885இல்தான் நிறைவேறியிருந்தது. ஒரு மாநிலத்தின் சட்டமன்றத்தைக் கட்டியவர் நாட்டின் சட்டத்தை மீறிய குற்றத்துக்காக வழக்கில் நிறுத்தப்பட்டார். 64,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டு, பின்னர் அது 8,000 டாலராகக் குறைக்கப்பட்டது. வழக்கு இழுத்துக்கொண்டிருந்தபோதே வேலை நடந்தது. சுமார் 15,000 ரயில்பெட்டிச் சுமைக் கல் ஆஸ்டினை அடைந்து, 1888 மே 16 அன்று கட்டடம் அர்ப்பணிக்கப்பட்டது.

வந்து சேராத கற்களும் உண்டு. கிரானைட் மலைப் பக்கமுள்ள பர்னெட்டிலிருந்து ஆஸ்டின் வரும் இருப்புப்பாதையின் ஓரத்தில், பெட்டியிலிருந்து உருண்டு விழுந்த சிவந்த பாளங்கள் எவராலும் எடுக்கப்படாமல் இன்றும் கிடக்கின்றன. சுண்ணாம்புக்கல் வெட்டிய இடமான ஓட்மன்வில் இப்போது ஓக் ஹில் எனப்படுகிறது. அங்கே ஒரு சாலை 'கைதிகள் குன்று' என்ற பொருளுள்ள பெயரை இன்னும் தாங்கியிருக்கிறது.

தெற்கு வாயிலிலிருந்து நடைபாதை வழியே இறங்கினால் எதிர்ப்படும் சின்னங்களுள் மிகப் பழையது, 1836 மார்ச் 6 அன்று மெக்சிகோப் படையுடன் போரிட்டு அலமோ கோட்டையில் மாண்டவர்களுக்காக 1891இல் எழுப்பப்பட்டது. நான்கு தூண்களின் மேல், துப்பாக்கி ஏந்திய வெண்கல வீரன் நிற்கிறான். தூண்களில் மாண்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன, தூண்களும் அதே சிவந்த கிரானைட்டே. பின்னால் ஓங்கி நிற்கும் சுவரில் அதை வெட்டிய கைதிகளின் பெயர் எதுவும் இல்லை. அலமோவில் மாண்டவர்களின் பெயர்ப் பட்டியலும், அதே புல்வெளியில் உள்நாட்டுப் போரின் தென்மாநிலக் கூட்டமைப்புப் படைவீரர்களுக்காக 1903இல் எழுந்த சின்னமும், மெக்சிகோ வழிவந்த டெக்சஸ் மக்களான தெகானோக்களுக்காக 2012இல் வந்த சின்னமும் அடுத்த வாரம்.