சொல்லிக்கொள்ளாத இரவு

இலண்டனில் நான் தங்கியிருந்த காலத்தில், யூத நண்பரொருவர் ஓர் ஒகஸ்ட் மாத மாலையில் என்னைத் தம் தொழுகைக்கூடத்திற்கு அழைத்திருந்தார். வாயிலிற் கண்டதும் கைகூப்பினேன். அவரோ தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே சென்றார். என்மீது என்ன மனத்தாங்கலோ என்று ஒருகணம் வாடிப்போனேன்.

உள்ளே விளக்கொளி குறைக்கப்பட்டிருந்தது. வேதச்சுருள் வைக்கும் பேழையின் திரைச்சீலையும் அகற்றப்பட்டிருந்தது. முதியோரும் இளையோரும் துணிச் செருப்புடன் தரையில் அமர்ந்திருந்தனர். இழவு வீட்டினுள் நுழைந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று. அங்கே முகமன் ஏது?

அன்று எபிரேயரின் ஆவ் மாதத்து ஒன்பதாம் நாள். கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தை எரித்தனர். மீண்டும் எழுந்த ஆலயத்தைக் கி.பி. 70இல் உரோமர் அழித்தனர். யூத மரபு இரண்டையும் இந்நாளில் வைத்தே நினைக்கிறது. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட துயரும் பின்னர் இதனோடு சேர்ந்தது. சூரியன் மறைந்தது முதல் மறுநாள் இருளும்வரை, ஏறத்தாழ 25 மணி நேரம், உணவுமில்லை, நீருமில்லை. நீராடலும், எண்ணெய் பூசுதலும், தோற் காலணியும் விலக்கு.

என்னை வியப்பிலாழ்த்திய விலக்கு வேறொன்று. அன்று வேதத்தைக் கற்றலும் ஆகாது! கற்றல் உள்ளத்தை மகிழ்விக்குமாதலின் அதனையும் துறத்தல் வேண்டுமாம். யோபுவின் கதை, எரேமியாவின் துயர்ப்பகுதிகள் போன்றவற்றுக்கு மட்டும் இடமுண்டு. கல்வியே பேரின்பமென்று மேடைதோறும் முழங்கும் ஆசிரியர்களாகிய நாம், சோற்றோடும் நீரோடும் ஒருங்கு வைத்து அதனை எண்ணியதுண்டா?

அன்றிரவு ஓதப்பட்டது புலம்பல் நூல். தமிழ் விவிலியத்திலும் அப்பெயரே. ஐந்து பாடல்களுள் முதல் நான்கும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களைத் தழுவி நடப்பன. நம் ஆத்திசூடியை நினைத்துக்கொள்ளலாம். மூன்றாம் பாடலில் எழுத்துக்கு மும்மூன்றாக 66 வசனங்கள். நகரெரிந்த துயரை நெடுங்கணக்கில் அடைப்பது வெறுஞ் செயற்கையென்று முன்பு கருதியிருந்தேன். தரையிலிருந்து கேட்டபோது அக்கருத்து நிலைக்கவில்லை. அடுத்த எழுத்து வரும் என்னும் உறுதியே அழுகின்றவனைக் கைபிடித்து நடத்துகிறது. ஐந்தாம் பாடலிலும் 22 வசனங்கள் உள. வரிசை மட்டும் இல்லை. அவ்விடத்தில் நண்பரின் குரல் தடுமாறிற்று.

இறுதி வசனம், இறைவன் எம்மை முற்றாக வெறுத்தானோ என்ற ஏக்கத்திலே நிற்கிறது. அதனோடு நூலை மூட எவருக்கும் மனமில்லை. எம்மைத் திருப்பிக்கொள் என்று வேண்டும் முந்திய வசனத்தை எல்லோரும் மீண்டும் ஓதி முடித்தனர்.

கண்ணாற் காணாத ஆலயத்துக்காக அழுவது எங்ஙனமென்று பின்னொருநாள் அவரைக் கேட்டேன். "அழுகை வந்த பிறகு அமர்வதில்லை, முதலில் அமர்கிறோம். சில ஆண்டுகளில் வரும், சில ஆண்டுகளில் வராது" என்றார்.

அன்றிரவோ அவர் ஒன்றும் பேசவில்லை. கூட்டம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே கலைந்தது. செத்த வீட்டிலிருந்து நாமும் அப்படித்தானே புறப்படுகிறோம். அந்த ஒன்றை எனக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பேருந்து நிறுத்தம்வரை இருவரும் மௌனமாகவே நடந்தோம்.