சிசேரியன் தழும்பில் வளரும் கருப்பைத் திசு

சிசேரியன் செய்து மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின் தழும்பின் ஓரத்தில் தோன்றும் ஒரு கட்டி, மாதவிடாய் நெருங்கும்போது வீங்கி வலித்துப் பின்னர் தணியுமானால், அங்கே கருப்பைத் திசு வேரூன்றியிருக்கக்கூடும் என்று முதலில் ஐயுற வேண்டும். கருப்பையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் எண்டோமெட்ரியம் என்னும் படலத்தின் செல்கள், அறுவையின்போது வெட்டுக்காயத்தில் படிந்து வளர்வதே தழும்பு எண்டோமெட்ரியோசிஸ் எனப்படும் இந்நிலைக்குப் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தூண்டலால் அத்திசுவிலும் மாதந்தோறும் இரத்தம் கசிகிறது. வெளியேற வழியின்றி அது தேங்குவதால் சுற்றிலும் அழற்சியும் வலியும் உண்டாகின்றன.

சிசேரியன் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இது வருகிறது. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஏறத்தாழ 45 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியனாக நிகழும் தமிழ்நாட்டில், அரிய நோய் என்று இதனை ஒதுக்கிவிட இயலாது.

தழும்பில் கட்டி என்றதும் பெண்கள் பெரும்பாலும் பொது அறுவை மருத்துவரையே நாடுகின்றனர். அங்கே அது குடலிறக்கமாகவோ, சீழ்க்கட்டியாகவோ, தையல் நூலைச் சுற்றித் திரண்ட முடிச்சாகவோ கருதப்பட்டு, மாதவிடாயைப் பற்றிய கேள்வியே எழாமல் போய்விடுவதுண்டு. எந்தக் கருவியைக் காட்டிலும் அந்த ஒரு கேள்விதான் நோயை விரைவில் காட்டிக்கொடுக்கும். எனினும் சிலருக்கு வலி மாதச் சுழற்சியைப் பின்பற்றாமல் எப்போதும் நீடிக்குமாதலால், சுழற்சி இல்லை என்பதற்காக இந்நோயை விலக்கிவிடலாகாது. அல்ட்ராசவுண்ட் கட்டியின் அளவையும், எம்.ஆர்.ஐ. அது வயிற்றுத் தசைக்குள் இறங்கியுள்ள ஆழத்தையும் காட்டுகின்றன. ஆயினும் நுண்ணோக்கியின் கீழ் செய்யப்படும் திசுப் பரிசோதனையே முடிவான சான்று.

மாத்திரைகளும் ஹார்மோன் ஊசிகளும் வலியைத் தணித்தாலும், அவற்றை நிறுத்தியதும் தொல்லை திரும்புவதே வழக்கம். ஆகவே கட்டியைச் சுற்றி ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நல்ல திசுவையும் சேர்த்து முழுமையாக வெட்டியெடுப்பதே தகுந்த சிகிச்சையாகும். தசையுறையில் பெரிய இடைவெளி ஏற்பட்டால் வலை வைத்து மூட நேரிடும். கட்டி சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் அத்தகைய பெரிய அறுவையைத் தவிர்க்கலாம். எடுத்த திசுவைக் கட்டாயம் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மிக அரிதாக அதில் புற்றுநோய் தோன்றுவதுண்டு.

தழும்பில் கட்டியை உணரும் பெண்கள், வலி மிகும் நாட்களையும் மாதவிடாய் நாட்களையும் நாட்காட்டியில் குறித்துவைத்து, மருத்துவர் கேட்காவிட்டாலும் தாமாகவே எடுத்துச் சொல்ல வேண்டும்.