பெயரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாமா?

2002ஆம் ஆண்டு பல நாடுகளில் ஒரு மின்னஞ்சல் பரவியது. கணிப்பொறியில் கரடிப் பொம்மைப் படம் போட்ட கோப்பு இருந்தால் அது வைரஸ், உடனே அழித்துவிடுங்கள் என்றது அது. தேடினார்கள், கரடி இருந்தது! பலர் பயந்துபோய் அழித்தும் விட்டார்கள். உண்மையில் அது விண்டோஸுடன் வந்த கோப்பு. ஜாவா நிரல்களில் பிழை கண்டறிய உதவுவது. செய்தி வெறும் புரளி!

அப்படியானால் உங்கள் லாப்டாப்பில் வீட்டுக்காரர் யார், திருடர் யார் என்று எப்படி அறிவது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'டீடெய்ல்ஸ்' பகுதியைப் பாருங்கள். எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர் பல முறை வருகிறதல்லவா? அஞ்ச வேண்டாம். விண்டோஸின் பல பணிகளைத் தாங்கி நடத்துவது இதுதான். 2017இல் வந்த மாற்றத்துக்குப் பின், போதிய நினைவகம் உள்ள கணிப்பொறிகளில் பெரும்பாலான பணிகள் தனித்தனியே ஓடுகின்றன. ஆகவே எண்ணிக்கை கூடியது.

திருடனும் இந்தப் பெயரைச் சூடிக்கொள்வான். சில சமயம் வி, சி என்ற எழுத்துகளை இடம் மாற்றி 'எஸ்சிவிஹோஸ்ட்' என்று வருவான். எனவே முதலில் எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

அடுத்து முகவரி. பெயர்மீது மௌஸின் வலப் பொத்தானை அழுத்தி, 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். உண்மையான எஸ்விசிஹோஸ்ட் பொதுவாக விண்டோஸ் அடைவுக்குள் சிஸ்டம்32இல் இருந்து ஓடும். டவுன்லோட்ஸிலோ டெம்ப் அடைவிலோ இருந்து ஓடினால் ஐயப்படுங்கள்.

மூன்றாவது கையொப்பம். 'பிராப்பர்டீஸ்' பகுதியில் மைக்ரோசாஃப்ட்டின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். சில நல்ல கோப்புகளில் அந்தப் பக்கம் தெரியாது. ஆகவே இது ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது.

ஐயம் தீரவில்லையா? அப்போதும் நீங்களே அழிக்காதீர்கள். வைரஸ் தடுப்பு நிரலைக் கொண்டு சோதியுங்கள். அதுவும் தவறலாம்! 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனத்தின் தடுப்பு நிரல், விண்டோஸ் எக்ஸ்பி கணிப்பொறிகளில் இதே எஸ்விசிஹோஸ்டை வைரஸ் என்று எண்ணிப் பிடித்துக்கொண்டது. கணிப்பொறிகள் மீண்டும் மீண்டும் அணைந்து அணைந்து எரிந்தன. அதனால் முக்கியமான பாடங்களையும் படங்களையும் எப்போதும் வேறோர் இடத்திலும் நகலெடுத்து வையுங்கள்.

திருடனைத் தப்பவிடுவது ஒரு தவறு. வீட்டுக்காரரையே வெளியே தள்ளுவது இன்னொரு தவறு. இரண்டையும் தவிர்க்க ஒரே வழி, சான்றுகளைச் சேர்த்த பிறகே தீர்ப்புச் சொல்வது. அறிவியலின் வழியும் அதுதானே!