தீர்ந்ததா, தீர்த்தோமா?

பென்னாகரம் பக்கத்து மேட்டு நிலம் ஒன்றில் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி வந்து நின்றால், அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் அங்கே கூடிவிடும். எல்லோர் கண்ணும் குழியின் வாய் மேலேயே இருக்கும். ஈரமண் வந்தால் நிலத்துக்காரர் முகம் மலரும். பாறைத்தூள் மட்டும் பறந்தால், "புகைதான் வருது" என்பார் கூட்டத்தில் ஒருவர். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். பக்கத்திலிருக்கும் பழைய கிணற்றைக் காட்டிக் கேட்டால், "அது வத்திப்போய் வருஷக்கணக்காச்சு" என்று பதில் வரும்.

தருமபுரி மாவட்டத்தில் அடிக்கடி காதில் விழும் சொல் இந்த 'வத்திப்போச்சு'. இதே பொருளில் நாம் தினமும் புழங்கும் ஆங்கிலச் சொல்லும் ஒன்று உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தண்ணீர் எங்கே போனது என்பதற்குச் சொற்களே சாட்சி சொல்கின்றன.

சொல்லுக்குள் ஒரு கிணறு

சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன். வண்டிக்கு அடியில் எக்ஸாஸ்ட் பைப். வேலை முடிந்து வீடு திரும்பினால், "ஒரேயடியா எக்ஸாஸ்ட் ஆயிட்டேன்." காற்று, புகை, களைப்பு என்று மூன்றுக்கும் ஒரே சொல். இதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. 'எக்ஸ்' என்றால் வெளியே. 'ஹவுரீரே' என்றால் நீர் இறைத்தல். அதாவது, உள்ளே இருப்பதை மொத்தமாக இறைத்து வெளியே கொட்டிவிடுவது.

16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல், பிறகு உடம்பின் சக்தியையும் கஜானாவின் பணத்தையும் 'இறைக்க' ஆரம்பித்தது. நீராவி இயந்திரங்கள் வந்ததும், வேலை முடித்து வெளியேறும் ஆவிக்கு அதுவே பெயரானது. இன்று அதைச் சொல்லும்போது யாருக்கும் தண்ணீர் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் சொல்லுக்குள் இன்னமும் ஒருவர் நின்று இறைத்துக்கொண்டேதான் இருக்கிறார்.

வறட்சியும் வறுமையும்

தமிழ் வேறு வழியில் போனது. வற்று, வறள், வறட்சி, வறுமை எல்லாம் ஒரே குடும்பம். வெயிலில் காயும் சுண்டைக்காய் வற்றலும் இதே வீட்டுப் பிள்ளைதான். நீர் காய்ந்ததற்கும் கை காய்ந்ததற்கும் ஒரே வேரிலிருந்து பெயர் வைத்த மொழி இது. பாலக்கோடு, மாரண்டஹள்ளிப் பக்கம் கன்னடம் பேசுவோர் வற்றுவதைப் 'பத்து' என்பார்கள். அதுவும் இந்த உறவுதான். அரூர் அருகே சித்தேரி மலையடிவாரத்தில் ஓர் ஆற்றுக்கு வறட்டாறு என்றே பெயர். வள்ளிமதுரையில் அதன் குறுக்கே அணையும் உண்டு.

இந்தச் சொற்களில் ஒரு வசதி இருக்கிறது. கிணறு வற்றியது, ஏரி வறண்டது என்றால் போதும். யாரால் என்ற கேள்வியே எழாது. தண்ணீர் தானாகவே எழுந்து போய்விட்டது போல.

இறைத்த கிணறு

'இறைத்த கிணறு ஊறும்' என்பது நம் பழமொழி. இறைத்தால் காலியாகும் என்கிறது லத்தீன். இறைத்தால்தான் ஊறும் என்கிறோம் நாம். இரண்டும் உண்மைதான். வேறுபாடு இறைக்கிற வேகத்தில் இருக்கிறது.

மாடு பூட்டிக் கவலையில் நீர் இறைத்த காலத்தில் மாடு களைத்தால் இறைப்பும் நிற்கும். இரவெல்லாம் ஊற்று சுரந்து, விடிவதற்குள் கிணறு தேறிவிடும். தருமபுரியின் நிலத்துக்கு அந்த ஓய்வு அவசியம். இங்கே அடியில் இருப்பது கடும்பாறை. அதன் மேலுள்ள சிதைந்த அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான் மழைநீர் தேங்கும். கொள்ளளவு குறைவு, நிரம்பவும் நாளாகும்.

பிறகு ஆயில் இஞ்சின் வந்தது. ஒரு குழாயில் தண்ணீரும் இன்னொரு குழாயில் புகையும் கக்கியது. அடுத்து மின்மோட்டார். 1990-இல் விவசாயத்துக்கு மின்சாரம் முழுவதும் இலவசமானது. பலருக்கு அது உயிர் கொடுத்தது. ஆனால் மோட்டாரை நிறுத்தச் சொல்ல மாடும் இல்லை, கரன்ட் பில்லும் இல்லை. திருச்செங்கோட்டு போர் வண்டிகள் ஆயிரம் அடிக்கும் கீழே துளைத்தன. ஓராண்டில் மண்ணுக்குள் இறங்குவதைவிட அதிகமாக நீர் எடுக்கும் பகுதியை அரசுக் கணக்கில் 'அதிநுகர்வு' என்று குறிக்கிறார்கள். மாவட்டத்தின் பல குறுவட்டங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

ஆழத்தில் கிடைத்த நீர், பாறையோடு நெடுங்காலம் கலந்து கிடந்த நீர். அதில் ஃபுளோரைடும் கரைந்திருந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாத அந்த உப்பு, இங்கே பல ஊர்களில் குழந்தைகளின் பல்லில் காவிக்கறையாகவும் பெரியவர்களின் மூட்டில் வலியாகவும் தங்கியது. ஜப்பான் நிதியுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேறி, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. காலடி ஊற்றை இழந்த ஊர்களுக்குக் காவிரி குழாயில் வந்தது. அது குடிக்கத்தான், வயலுக்கு இன்னமும் பெரும்பாலும் நிலத்தடி நீரையும் மழையையும்தான் நம்ப வேண்டும்.

யாரால் என்று சொல்லத் தமிழில் வழி இல்லாமல் இல்லை. 'தண்ணி தீர்ந்துபோச்சு' என்பது தன்வினை. 'தண்ணியைத் தீர்த்துட்டோம்' என்பது பிறவினை. நடுவில் மாறுவது ஒரே எழுத்துதான்: மெல்லினமான 'ந்' போய் வல்லினமான 'த்' வருகிறது. லத்தீன்காரர் கிணற்றடியில் நிறுத்திய அந்த ஆள், நம் மொழியில் அந்த வல்லினத்துக்குள் இருக்கிறார். அவரை ஒப்புக்கொண்ட ஊரில்தான் பண்ணைக்குட்டை வெட்டும் பேச்சும், கரும்புக்குப் பதில் கேழ்வரகு போடும் பேச்சும் எடுபடும். 'தீர்ந்துபோச்சு' என்று சொல்கிற ஊர், அடுத்த போர் வண்டிக்குத்தான் போன் போடும்.