பத்தனை நிலமும் வித்தும்: ஊவாப் பெருந்தோட்டப் பகுதியில் தாவர மீட்சி பற்றிய சில குறிப்புகள்

ஆடி, ஆவணி மாதங்களிற் பதுளையிலிருந்து பசறைக்கோ வெலிமடைக்கோ செல்வோர் இருவகை மலைச் சரிவுகளைக் காண்பர். ஒன்று தேயிலை நிரைகள் மூடிய பசுஞ்சரிவு. மற்றது மானாப்புல் காய்ந்து பழுப்பேறி, ஆங்காங்கே தீயினாற் கருகிக் கிடக்கும் சரிவு. இரண்டின் மீதும் வீசுவது ஒரே கச்சான் காற்றுத்தான். தென்மேற் பருவப்பெயர்ச்சி மத்திய மலைகளின் மேற்குப் புறத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவினுள் இறங்குகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை அக்காற்றுக் கொழுந்தின் வளர்ச்சியை ஒடுக்குவதனாலேயே ஊவாத் தேயிலை உலகச் சந்தையிற் பெயர் பெற்ற தனி மணத்தை அடைகின்றது. தேயிலைக்கு விலை தேடித் தரும் அதே காற்று, அடுத்த சரிவில் முந்திய ஐப்பசியில் முளைத்த மரக்கன்றைக் கொன்றுவிடுகின்றது. இக்கட்டுரை அக்கன்றைப் பற்றியது.

ஊவாவை வறண்ட பிரதேசம் என்பது அரையுண்மையே. பதுளையின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,800 மில்லிமீற்றர். யாழ்ப்பாணக் குடாநாடு பெறுவதிலும் அது கணிசமாகக் கூடியது. ஆயின் அதிற் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் சனவரிக்கும் இடையில், வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியை ஒட்டிப் பெய்துவிடுகிறது. சித்திரை மழை சிறிது கைகொடுக்கும். அதன் பின்னர் நான்கு மாதம் காற்றும் வெயிலுமே. எனவே மரம் இல்லாமைக்கு மழையின்மையைக் காரணமாகக் கூறிவிட்டு ஒதுங்க நாம் ஒருப்படோம். முளைத்த வித்து எட்டு மாதத்துக்குள் எவ்வளவு ஆழத்துக்கு வேர் விடுகிறது, விட்ட வேரைப் புல்லும் தீயும் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பனவே வினாக்கள்.

பத்தனை எனப்படும் இப்புல்வெளிகளை ஈரப் பத்தனை, உலர் பத்தனை என வகுத்து விரிவாக ஆராய்ந்தவர் பியர்சன் என்னும் தாவரவியலாளர். அவரது கட்டுரை 1899 இல் வெளியாயிற்று. ஊவா வடிநிலத்திற் பரந்து கிடப்பவை உலர் பத்தனைகளே. இவற்றின் தோற்றம் இயற்கையானதா, மனிதரின் கோடரியாலும் சேனைத் தீயாலும் உண்டானதா என்பது குறித்து அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறு தோன்றினும், ஆண்டுதோறும் மூட்டப்படும் தீ இவற்றைப் புல்லாகவே வைத்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. மாடுகளுக்கு இளம்புல் வேண்டியும் வேட்டைக்காகவும் கவனயீனத்தாலும் தீ பரவுகின்றது. மானாப்புல்லின் உயிர் அதன் அடித்தூரில் இருப்பதால் அது மறுமழைக்கே தளிர்த்துவிடும். ஒரு சாண் உயரக் கன்றுக்கு அவ்வாய்ப்பில்லை.

எனினும் கீழ் ஊவாவில், குறிப்பாக இன்று மொனராகலை மாவட்டத்துக்குள் அடங்கும் பிபிலை, நில்கலைப் பகுதிகளில், புல்லிடையே கடுக்காய், தான்றி, நெல்லி, வேங்கை ஆகிய மரங்கள் நின்று நிலைக்கின்றன. இவை தடித்த பட்டையுடையன. தீயிற் கருகினும் அடியிலிருந்து துளிர்ப்பன. இம்மண்ணுக்கும் இக்காற்றுக்கும் பழகிய மரங்கள் எவை என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

குடியேற்ற ஆட்சியின் பங்கு இங்கு மறக்கத்தக்கதன்று. 1817-18 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கியபோது பிரித்தானியப் படைகள் ஊவாவின் கிராமங்களையும் பயிர்களையும் எரித்தன. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட இயலாத காட்டையும் தரிசையும் முடிக்கு உரியனவாக்கிற்று. அந்நிலத்திற் கோப்பி வந்தது. அக்கோப்பியை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் முதலிற் கண்டறியப்பட்டதும் இதே ஊவாவின் மடுல்சீமையில்தான், 1869 இல். பின்னர் தேயிலை வந்தது. சுரண்டி கொண்டு மண்ணோடு களை செதுக்கும் பழைய முறை சரிவுகளின் மேல்மண்ணை ஆற்றுக்கு அனுப்பியது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951 இலேயே வந்தது. அதற்குள் போனது போயிற்று. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளின் கைக்கு மாறிற்று. விளைச்சல் குன்றிய மலைகள் கைவிடப்பட்டபோது முதலிற் குடியேறியது மானாப்புல்லே.

அரசு கண்ட பரிகாரம் பைன் மரமும் யூக்கலிப்டசும். 1970களிலும் 80களிலும் பத்தனைச் சரிவுகள் பலவற்றிற் பைன் நடப்பட்டது. வெறுமண்ணை விரைவில் மூடியமை அதன் நற்பேறு. ஆனால் உதிர்ந்த ஊசியிலைகள் எளிதில் உக்குவதில்லை. கோடையில் அவை தீக்கு விருந்து. பைன் நிழலைச் செவிலியாகக் கொண்டு உள்நாட்டு மரங்களை வளர்க்கலாம் எனச் சிங்கராச வனத்தின் விளிம்பில் 1990களில் நடந்த பரிசோதனைகள் காட்டியுள்ளன. ஈரவலயத்திற் கிடைத்த இப்பயனை ஊவாவுக்கு அப்படியே பெயர்த்துவிட முடியாது. மரம் நட்டதும் பீலியில் நீர் பெருகும் என்று வாக்களிப்போரிடமும் நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். விரைந்து வளரும் மரம் நிலத்து நீரையும் விரைந்தே குடிக்கும்.

இனி வித்துக்கு வருவோம். பத்தனையின் மண்ணிற் புல், களை ஆகியவற்றின் வித்துகள் மிகுதி, மரவித்துகள் அரிது. பழந்தின்னும் பறவைகள் அமர்வதற்குக் கிளையில்லாத வெளியைப் பெரும்பாலும் தவிர்க்கின்றன. நெல்லிக் கனியைத் தின்னும் புள்ளிமான் அசைபோடும்போது கொட்டையை உமிழ்ந்து பரப்புவதை இந்திய வறள்காடுகளிற் கண்டுள்ளனர். மான் அருகிப்போன தோட்டப்புறத்தில் அவ்வேலையைச் செய்ய யாருமில்லை. நக்கிள்ஸ் மலைத்தொடரின் புல்வெளிகளில் மரநாற்று முளைப்பதற்குள்ள தடைகளைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தார் வெளிநாட்டு ஆய்வாளருடன் ஆராய்ந்து 2010 ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்டனர். புல்வேரின் போட்டியினின்று விடுவிக்கப்பட்ட கன்றுகளே நன்கு பிழைத்து வளர்ந்தன என்பது அவர்தம் முடிவுகளுள் ஒன்று. கன்றின் பகைவன் பெரும்பாலும் மண்ணுக்குக் கீழேதான் இருக்கிறான்.

வித்தைச் சேர்த்துக் கொணர்ந்து தூவினாற் போதுமா? போதாது. கடுக்காயின் கொட்டை கல்லொத்தது. உள்ளிருக்கும் முளையத்துக்கு நீர் எட்டுவதற்கே நெடுங்காலம் செல்லும். கொட்டையின் அகன்ற முனையை முளையம் பழுதுறாவண்ணம் நறுக்கி, குளிர்நீரில் ஒன்றரை நாள் ஊறவைப்பதும், தசையோடு குவித்துப் புளிக்கவிடுவதும் வனத்துறையினர் கையாளும் வழிகள். நெல்லியை வெயிலிற் காயவைத்தாற் கொட்டை தானே வெடித்து வித்தைத் தரும். வேங்கையின் காய் சிறகுடையது; காற்றிற் பறந்து புல்லின் மேல் தங்கிவிடும். மண்ணைத் தொடாத வித்து, வெயிலுக்கு இரை. ஆகவே மரத்துக்கு மரம் முறை வேறு. கைநிறைய அள்ளி வீசுவதும், மண்ணுருண்டைகளை வாகனத்திலிருந்து எறிவதும் புகைப்படத்துக்கு அழகு, அவ்வளவே.

நாம் பயனுள்ளதெனக் கருதும் முறை எளியது. சமவுயரக் கோட்டை ஒட்டி ஆழமற்ற குழிகள் இட்டு, சுற்றிலும் ஓரிரு முழம் புல்லை வேரோடு அகற்றி, அகற்றிய புல்லையே மூடாக்காக இடவேண்டும். வித்து ஒக்டோபர் மழைக்கு முன்னரே மண்ணுள் இருத்தல் வேண்டும். மார்கழியில் ஊன்றுவது பாதி மழையை வீணாக்குவதாகும். வைகாசிக்கு முன் தீத்தடைக் கீற்றுகள் செதுக்கப்படாவிடின் அனைத்தும் ஒரு பிற்பகலிற் சாம்பலாகும். பாண்டிச்சேரிக்கு அண்மையில், அரிப்புண்ட செம்மண் மேட்டில் 1968 இல் தொடங்கப்பட்ட ஓரோவில்லிலும் ஓடும் மழைநீரை மறிக்கும் வரம்புகள் மரங்களோடு சேர்ந்தே எழுந்தன. கான் வெட்டி நீரை வழிப்படுத்துவதிற் பரம்பரைத் தேர்ச்சி பெற்ற ஊவாத் தொழிலாளருக்கு இதை எவரும் போதிக்க வேண்டியதில்லை.

வித்தா நாற்றா என்ற வினாவுக்குத் தேயிலையே விடை சொல்லும். 1950களின் பின்னர் வெட்டுத்துண்டிலிருந்து வளர்க்கும் தெரிவினங்கள் பரவும்வரை, தேயிலை வித்திலிருந்தே பயிராக்கப்பட்டது. வித்துகளை நீரிலிட்டு, மிதப்பவற்றைக் கழித்து, அமிழ்ந்தவற்றை ஈரமணலிற் பரப்பி, ஓடு வெடித்தபின் தவறணையில் ஊன்றுவர். தெரிவினச் செடி விளைச்சலில் மேம்பட்டது. ஆனால் அதற்கு மெய்யான ஆணிவேர் இல்லை. வித்துத் தேயிலையின் ஆணிவேர் ஆழம் நோக்கிச் செல்வதனாலேயே அது கச்சானை நின்று தாங்குகிறது. ஊவாவின் முதிய மலைகள் சிலவற்றில் அதை இன்றும் காணலாம். பொலித்தீன் பையில் நெடுநாள் வைத்த கன்றின் வேரோ சுருண்டு வளைகிறது. பையின் கன்றைக் காட்டிலும் நின்ற இடத்தில் முளைத்த கன்று பார்வைக்குச் சிறிதாயினும் வறட்சிக்கு வலிது என்பது இதனாற் பெறப்படும். தேயிலைக்குப் பொருந்தும் இவ்விதி வேங்கைக்குப் பொருந்தாமற்போக நியாயமில்லை.

இவ்வறிவைத் தம் கைகளில் வைத்திருப்போர் யார்? தவறணையிற் பணியாற்றும் பெண்களும் முதியோருமே. ஆனால் அவர்தம் காலடி மண் அவர்களுக்குரியதன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 2003 ஆம் ஆண்டின் சட்டத்தின் பின்னர் குடியுரிமை கிடைத்தது. காணி கிடைத்தோர் சிலரே. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. ஆழத்திலிருந்து பெயரும் மலையை மரவேர் தடுத்துவிடும் என நாம் கூறவில்லை. அச்சரிவின் கீழ் வாழ்வோருக்கு அச்சரிவில் எது வளரவேண்டும் என்பதைச் சொல்லும் உரிமை இல்லை என்பதையே குறிக்கின்றோம். பல ஆண்டு கழித்துக் காய்க்கும் கடுக்காயை, நாளை வெளியேற்றப்படலாம் என்னும் நிலையிலுள்ள குடும்பம் எதற்காகத் தீயினின்று காக்கவேண்டும்?

காணி உரிமை நெடிய போராட்டம். அதற்கிடையே செய்யத்தக்கது ஒன்றுண்டு. கொழுந்து குறையும் கச்சான் மாதங்களிலேயே வித்துச் சேகரித்தலும் கொட்டை நறுக்குதலும் குழியிடுதலும் நடைபெற வேண்டியுள்ளன. அம்மாதங்களில் தோட்டம் வேலைநாளைக் குறைக்கிறது. கைவிடப்பட்ட மலைகளில் இவ்வேலைகளைத் தோட்ட வேலையாகவே ஏற்று, செக்ரோலில் அரைப்பேராக அன்றி முழுப்பேராகப் பதிவதற்குத் தொழிற்சங்கங்கள் கம்பனிகளுடனான பேச்சில் இடங்கோரலாம். தீக்காவலுக்கும் அவ்வாறே.