தூண்டில் போட ஏற்ற நிலம் எது?

நிலத்தையும் தொழிலையும் சேர்த்தே பார்த்தவர்கள் நம் முன்னோர். குறிஞ்சி என்றால் வேட்டை, நெய்தல் என்றால் மீன்பிடிப்பு என்று இலக்கணமே வகுத்து வைத்தார்கள். இன்று நாம் அப்படி நிலம் தேடிப் போவதில்லை. அலுவலகம் மாற்றல் ஆணை கொடுக்கிறது, நாம் பெட்டியைக் கட்டுகிறோம். ஆனால் பணி ஓய்வு நெருங்கும்போதும், இரண்டு ஊர்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு வரும்போதும், உள்ளே அடங்கிக் கிடந்த பொழுதுபோக்கு மெல்லத் தலைநீட்டும். என்னுடைய தூண்டில் பைத்தியம் சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால் "எந்தப் பக்கம் குடியேறினால் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் வசதி?" என்ற கேள்வி வருஷத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்பார்கள்.

முதலில் வேட்டையைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். போன வருஷம் ஒரு தம்பி ஆர்வத்தோடு வந்தார். "மாமா, ஜோத்பூருக்கு மாற்றல் வந்திருக்கு. அங்கே ஷிகார் எல்லாம் போகலாமாமே?" என்றார். ராஜாக்கள் காலத்துப் படங்களைப் பார்த்த பாதிப்பு அது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் சில விலங்குகளுக்கு உரிமம் பெற்று வேட்டையாட இடம் இருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கதவையும் மூடிவிட்டது. காஷ்மீரானாலும் கன்னியாகுமரியானாலும் பொழுதுபோக்கு வேட்டை என்பது இந்தியாவில் இல்லை. கௌதாரி, முயல் போன்ற சிறு பிராணிகளுக்கும் இதுதான் விதி. வெளிமானும் சிங்காராவும் முதல் அட்டவணையில் இருப்பவை. அவற்றைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அதிலும் ஜோத்பூர் பிஷ்ணோய் மக்களின் பூமி. 1730-இல் கேஜர்லி கிராமத்தில் மரங்களை வெட்ட விடாமல் 363 பேர் உயிர் கொடுத்த சமூகம் அது. மான்களைத் தங்கள் பிள்ளைகளாக நினைப்பவர்கள். "துப்பாக்கிப் பேச்சையே அங்கே எடுக்காதே, தம்பி" என்று சொல்லி அனுப்பினேன்.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அவ்வப்போது சில மாநிலங்களில் அனுமதி தருகிறார்களே என்று கேட்கலாம். கேரளத்தில் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அந்த ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் தரப்பட்டது. அது விவசாயியைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு. நம் போன்றவர்களின் ஞாயிற்றுக்கிழமைக்காக வந்தது அல்ல. வேட்டை ரத்தத்தில் ஊறிய நாகாலாந்திலேயே மனம் மாறியிருக்கிறது. 2012-இல் தோயாங் நீர்த்தேக்கத்தின் அருகே பங்டி கிராமத்தில் அமூர் வல்லூறுகளைப் பெருமளவில் வலைவைத்துக் கொன்றார்கள். அடுத்த ஆண்டே அதே ஊர்க்காரர்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுப் பறவைகளுக்குக் காவல் நின்றார்கள்.

ஆக, மிச்சம் இருப்பது மீன். இங்கேதான் ஊர்த் தேர்வு உண்மையிலேயே முக்கியமாகிறது. நம் அரசியல் சட்டத்தில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். உரிமம், கட்டணம், மீன் பிடிக்கக்கூடாத மாதங்கள் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நதி சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ ஓடினால் வனத்துறையின் விதியும் சேர்ந்துகொள்ளும். சட்டத்தில் "விலங்கு" என்ற சொல்லுக்குள் மீனும் அடங்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அட்டவணையில் உள்ள இனம் என்றால் கடலிலும் தொடக்கூடாது. கடல் குதிரை, கடல் அட்டை, அம்மணி உழுவை எனப்படும் திமிங்கலச் சுறா ஆகியவை 2001-இலிருந்தே பட்டியலில் உள்ளன.

பேர்பெற்ற நீர்நிலைகளில் பல, பார்க்க மட்டுமே கிடைக்கும் என்பதற்குக் காவிரியே சாட்சி. பெங்களூரு நண்பர்கள் பீமேஸ்வரி முகாம்களைப் பற்றி இன்றும் கண் விரியப் பேசுவார்கள். கேழ்வரகு மாவை உருட்டி, தூண்டில் முள்ளில் பொதிந்து எறிந்தால் மஹசீர் கௌவும். எடை பார்த்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். 1946-இல் கபினியில் வான் இங்கன் என்பவர் பிடித்த மஹசீர் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. ஆனால் அந்தப் பகுதி காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருப்பதால் முகாம்களில் தூண்டில் போடுவது நின்று பல வருஷம் ஆகிவிட்டது. தமிழ்நாட்டுப் பக்கமும் 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என்று சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டுவிட்டன. அது சரிதான் என்பது என் கட்சி. திமில் வைத்த அந்தக் காவிரி மஹசீர் உலகில் வேறெங்கும் இல்லை. 2018-இல் மிகவும் அழியும் நிலையில் உள்ள இனம் என்று பட்டியலிட்டார்கள். அதன் அறிவியல் பெயரான டோர் ரேமாதேவி, சென்னையில் பணியாற்றிய மீனியல் அறிஞர் ரேமா தேவியின் பெயரால் வந்தது என்பது நமக்குப் பெருமை. ஆகவே தூண்டிலுக்காக மட்டும் பெங்களூருவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஏரிகளில் ஜிலேபி மீனும் கெண்டையும் கிடைக்கும், அவ்வளவுதான்.

அடுத்து எல்லாரும் சொல்வது இமயமலை. சண்டிகரில் ஆறு வருஷம் இருந்தபோது இமாச்சலத்து ஓடைகளை ஓரளவு அறிந்தேன். தீர்த்தன், சைஞ்ச், பரோட்டில் ஊல், ரோஹ்ரூவில் பப்பர், சாங்லாவில் பஸ்பா என்று டிரவுட் ஓடைகள் வரிசையாக இருக்கின்றன. டிரவுட் நம் நாட்டு மீனே அல்ல. வெள்ளைக்காரர்கள் முட்டையாகக் கொண்டுவந்து, 1900-ஆம் ஆண்டு வாக்கில் காஷ்மீரிலும், பிறகு குலுவிலும் நம் நீலகிரியிலும் விட்டார்கள். குளிர்ந்த, ஓடுகிற, பிராணவாயு நிறைந்த தண்ணீர் இல்லாவிட்டால் அது பிழைக்காது. மீன்வளத்துறையிடம் உரிமம் எளிதாகக் கிடைக்கும். குஞ்சு பொரிக்கும் குளிர்காலத்தில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, டிரவுட் ஓடைகள் மூடியிருக்கும். காஷ்மீரில் ஓடையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இன்ன நாளில் இன்ன பகுதி என்று சீட்டுத் தருவார்கள். ஒழுங்கான ஏற்பாடு.

அப்படியானால் அங்கேயே குடியேறிவிடலாமா? விடுமுறைக்குப் போங்கள், குடியேறாதீர்கள் என்பேன். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி டெல்லி ஃபிளாட்டை விற்றுவிட்டு மலைநதி ஓரம் வீடு வாங்கினார்கள். மீன் கிடைத்தது. அம்மாளுக்கு முழங்கால் வலி கூடியது. நல்ல ஆஸ்பத்திரிக்கு மலைப்பாதையில் மூன்று மணி நேரம். இரண்டாவது குளிர்காலத்தில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நதியும் சாதுவானதல்ல. 2014 ஜூன் 8-ஆம் தேதி லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில், பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்றிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் போனார்கள். 2023 ஜூலை வெள்ளத்தில் கரையோரக் கட்டடங்கள் சரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அணைக்குக் கீழே காய்ந்து கிடக்கும் ஆற்றுப் படுகையில், எவ்வளவு ஆசையாக இருந்தாலும், இறங்கி நின்று தூண்டில் போடவே கூடாது.

கடல்மீன் பிரியர்களுக்கு அந்தமான். போர்ட் பிளேரை 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள ஊர். கோயில், கடைத்தெரு எல்லாவற்றிலும் தமிழ் கேட்கும். பாறை மீனில் ராட்சச வகையைத் தேடி வெளிநாட்டார் அங்கே வருகிறார்கள். ஆனால் படகு வாடகை சம்பளக்காரர் கைக்கு எட்டாது. கரையிலிருந்து போடலாம் என்றால், முதலை எச்சரிக்கைப் பலகைகளைப் படித்துவிட்டுப் போடுங்கள். ஷில்லாங்கும் தூண்டில்காரர்களின் ஊர்தான்; ஆனால் நிலமும் நீரும் அங்கே பெரும்பாலும் குலத்துக்கும் ஊர்ச் சபைக்கும் சொந்தம், உள்ளூர் நண்பர் வேண்டும்.

இவ்வளவும் சுற்றிவிட்டு நான் கை காட்டுவது மேற்கு வங்காளம். இருபது வருஷமாகக் கொல்கத்தாவாசி, பாரபட்சம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் காரணத்தைக் கேளுங்கள். இங்கே மஹசீர் தேடி மலை ஏற வேண்டாம். ஊருக்கு ஊர் புகுர், அதாவது குளம். 5 கட்டா அளவுக்கு மேற்பட்ட குளத்தைத் தூர்க்கக் கூடாது என்று இந்த மாநிலத்து உள்நாட்டு மீன்வளச் சட்டமே சொல்கிறது. மீறுபவர்களும் உண்டு என்றாலும், சட்டம் இருப்பதால் பல குளங்கள் தப்பித்திருக்கின்றன. கொல்கத்தாவின் கிழக்கே நகரத்துக் கழிவுநீரிலேயே மீன் வளர்க்கும் ஈரநிலம் 12,500 ஹெக்டேர். குளத்துச் சொந்தக்காரர் கட்லா, ரோகு, மிர்கால் வளர்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் டிக்கெட் போட்டுத் தூண்டில்காரர்களை அனுமதிப்பார். கரையில் மூங்கில் மாச்சா கட்டியிருக்கும், ஆளுக்கு ஓர் இடம். வனத்துறையும் இல்லை, வெள்ளமும் இல்லை. காலையில் புறநகர் ரயிலில் போய் மாலையில் வீடு திரும்பலாம். வீட்டுக்காரியும் குழந்தைகளும் கூட வரலாம்; மரத்தடியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தால் பக்கத்து மாச்சாக்காரர் "கீ கந்தோ!" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு வருவார். எங்கள் வீடு சைவம். பிடித்த மீனை அவரிடமே கொடுத்துவிட்டு வெறும் கையோடு வருவேன், அவருக்கு இரட்டிப்புச் சந்தோஷம்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொற்கள். தூண்டில் கழி இங்கே சிப்; ரீல் வைத்தது ஹுயில். நாம் தங்கூஸ் என்பதைச் சுதா என்று கேளுங்கள். மீனை ஓரிடத்தில் கூட்டுவதற்காகத் தண்ணீரில் போடும் கலவைக்குச் சார் என்று பெயர். புளிக்கவைத்த பிண்ணாக்கு, வறுத்துப் பொடித்த வெந்தயம் என்று ஆளாளுக்கு ஒரு ரகசியம். முள்ளில் கோக்கும் இரை டோப். செவ்வெறும்பு முட்டைக்கு இங்கே நல்ல மவுசு, சந்தையில் எடைபோட்டே விற்பார்கள். குளிர் வந்துவிட்டால் கெண்டை இனங்கள் இரை எடுப்பது குறைந்துவிடும். இந்தப் பக்கம் மாற்றல் கேட்பதாக இருந்தால் துர்கா பூஜைக்கு முன்னாலேயே வந்து சேரப் பாருங்கள்.